ஆர்.எக்ஸ் 100-ஆ, ஷோகனா? அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே ஒரு தீர்ப்பு!

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று, நிலக்கோட்டைக்கும் அணைப்பட்டிக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து. எழுதியவர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி. விஷயம் இதுதான்.

அவருடைய அப்பாவிடம் 1997-ல் வாங்கிய சுஸுகி ஷோகன் இருக்கிறது. பத்து வருடத்துக்கும் மேலாக மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. தாய்மாமா ஒரு காலத்தில் யமஹா ஆர்.எக்ஸ் 100 வைத்திருந்து, விற்றுவிட்டு, இன்றுவரை அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர். வீட்டில் விசேஷம் என்று கூடினால் போதும், ‘ஆர்.எக்ஸ்தான் வண்டி’ என்று மாமா ஆரம்பிப்பார். ‘ஷோகன் முன்னாடி அது நிக்குமா மச்சான்?’ என்று அப்பா கேட்பார். பந்தி முடிந்தாலும் பேச்சு முடியாது.

இப்போது தம்பிக்கு ஒரு ஆர்.எக்ஸ் 100 விலைக்கு வந்திருக்கிறது. கேட்கிற விலை 1,20,000 ரூபாய். சீட்டுப் போட்டுச் சேர்த்தது 70,000. ‘மீதிக்கு அம்மாவோட வளையலை அடகு வைக்கலாம்னு இருக்கேன். ஷோகனைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாமா? ரெண்டுல எதுண்ணே உண்மையிலேயே நல்ல வண்டி?’ என்று கேட்டிருக்கிறார்.

வளையல் வரைக்கும் வந்துவிட்டதால் இதைப் பந்திப் பேச்சாக விட முடியாது. முறையாகவே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த வண்டிகள் எப்படி வந்தன?

எண்பதுகளின் தொடக்கம் வரை மோட்டார் சைக்கிள் என்றால் நமக்குத் தெரிந்தது புல்லட், யெஸ்டி, ராஜ்தூத். எல்லாம் கனமான வண்டிகள். பிறகு 100 சி.சி வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டு வைத்துக்கொள்ள மத்திய அரசு கதவைத் திறந்தது. ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் இங்கே ஆளுக்கொரு கூட்டாளியைப் பிடித்தன.

முதலில் வந்தது நம் ஊர்க் கூட்டுதான். மதுரையில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய டி.வி.எஸ் குடும்பமும் சுஸுகியும் சேர்ந்து, 1984 செப்டம்பரில் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி 100 சி.சி வண்டியைக் கொண்டுவந்தன. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி 100 வந்தது. அதே வருடம் நவம்பரில் வடக்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து ஆர்.எக்ஸ் 100-ஐ இறக்கியது. அதையடுத்து பஜாஜ், கவாஸாகியோடு கைகோத்து கே.பி 100 விட்டது.

இவற்றில் ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். மற்ற மூன்றும் டூ ஸ்ட்ரோக். ஓசூர் இண்ட்-சுஸுகி பிற்பாடு டி.வி.எஸ்-சுஸுகி ஆகி, சாமுராய், மேக்ஸ் 100 என்று வரிசையாக வண்டி விட்டது. அந்த வரிசையில் வேகத்துக்கென்றே தொண்ணூறுகளில் வந்தது ஷோகன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் கவசம் போட்ட 300 சி.சி, 400 சி.சி வண்டிகள். அன்றைக்கு நம் சாலைகளில் அந்த இடத்தில் இருந்தவை இந்த நூறு சி.சி, நூற்றுப் பத்து சி.சி வண்டிகள்தான்.

ஆர்மோனியக்காரரும் தறிக்காரரும்

யமஹா, சுஸுகி இரண்டும் ஜப்பானில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஹமாமட்சு என்ற ஊர்தான் இரண்டுக்கும் வேர். யமஹா 1887-ல் ஆர்கன் என்ற இசைக்கருவி செய்வதில் தொடங்கிய குடும்பம். சுஸுகி 1909-ல் நெசவுத் தறி செய்யத் தொடங்கிய பட்டறை. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த சின்னாளப்பட்டிக்காரர்கள் இதற்காகவே சுஸுகிக்கு ஓட்டுப் போடலாம்!

டூ ஸ்ட்ரோக் வித்தையை இரண்டு கம்பெனிகளும் ஜெர்மனியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டன. 1955-ல் வந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ 1, டி.கே.டபிள்யூ என்ற ஜெர்மன் வண்டியை ஒட்டிச் செய்தது. சுஸுகியின் கதை சினிமா மாதிரி. கிழக்கு ஜெர்மனியின் எம்.ஜெட் கம்பெனிக்காக ரேஸ் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-ல் ஸ்வீடனில் நடந்த போட்டிக்குப் போன இடத்திலேயே தப்பித்துவிட்டார். அவர் குடும்பமும் ரகசியமாக எல்லை தாண்டி வந்துவிட்டது. அவர் சேர்ந்த இடம் சுஸுகி. அடுத்த வருடமே 50 சி.சி பிரிவில் சுஸுகிக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

அவர் தலையில் சுமந்து வந்த வித்தைகளில் முக்கியமானது சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது வெறும் புகைக்குழாய் கிடையாது. எஞ்சினிலிருந்து வெளியே பாயும் புகையின் அழுத்த அலை சைலன்சருக்குள் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடியும் உள்ளே தள்ளும். அந்தக் குழாயின் நீளமும் வயிறும் கணக்குப் போட்டுச் செய்தவை. ஷோகனின் அந்த ‘டிர்ர்’ என்ற உலோகச் சத்தமும், ஆர்.எக்ஸின் அடிவயிற்றிலிருந்து வரும் சத்தமும் இந்தக் கணக்கில் பிறந்தவைதான்.

சைலன்சருக்குள் இருக்கும் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊரை அலறவிடும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். சத்தம் கூடினால் இழுவை கூடியதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அந்த அலைக் கணக்குதான் கெட்டுப்போயிருக்கும்.

காகிதத்தில் யார் பெரியவர்?

ஆர்.எக்ஸ் 100-ன் எஞ்சின் 98 சி.சி. 7,500 சுற்றில் 11 பி.எச்.பி. எடை நூற்று மூன்று கிலோ அளவில். ஷோகன் 108 சி.சி. 8,500 சுற்றில் 14 பி.எச்.பி.

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது இன்றைய வண்டியோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும். தெருவுக்கு நாலு நிற்கிற 97 சி.சி ஸ்ப்ளெண்டர் தருவது சுமார் 8 பி.எச்.பி. ஏறக்குறைய அதே அளவு எஞ்சினை வைத்து, நாற்பது வருடத்துக்கு முன்பே ஆர்.எக்ஸ் 11 கொடுத்தது.

காரணம் எளிது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். வால்வு, கேம் என்று கூடுதல் சாமான்களும் உள்ளே கிடையாது. அசைகிற முக்கியப் பாகங்கள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்.

அதற்கான விலையும் உண்டு. பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். சி.டி 100-ஐ வைத்திருந்தவர்கள் மாதம் இரண்டு முறை பங்க்குக்குப் போனால், ஆர்.எக்ஸ்காரர்கள் நான்கு முறை போக வேண்டியிருந்தது. நல்ல கையில், நல்ல டியூனிங்கில் லிட்டருக்கு 40 கிலோமீட்டரைத் தொட்டால் அன்றைக்கு அவர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

ஆக, காகிதத்தில் அப்பா சொல்வதுதான் சரி. மூன்று குதிரை அதிகம் என்பது இந்த அளவு வண்டியில் சாதாரண வித்தியாசம் இல்லை. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான பலம்.

ரோட்டில்?

நிலக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி. வண்டியைச் சோதிக்க இரண்டு வகை ரோடும் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. திண்டுக்கல், மதுரைப் பக்கம் போனால் சமதளம். வத்தலக்குண்டு தாண்டினால் கொடைக்கானல் மலை.

சமதளத்தில் நீண்ட நேர் ரோட்டில் ஷோகனின் ஆட்டம். அதன் பலம் மேல் சுற்றில் இருக்கிறது. கியரைப் பிடித்து, முறுக்கி, எஞ்சின் கத்தும் வரை காத்திருந்தால் திடீரென்று ஒரு வேகம் எடுக்கும். அந்த நொடிக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு.

ஆர்.எக்ஸ் அப்படிக் காக்க வைக்காது. நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போதே முன்சக்கரம் லேசாகும். டவுனுக்குள், மார்க்கெட் நெரிசலில், இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்கி வளைந்து போக அதைப் போல் ஒன்று இல்லை. காலை நேரத்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? ஆட்டோ, மினி லாரி, தலையில் கூடை, நடுவே ஏலச் சத்தம். விடியலில் மொட்டாகப் பறித்த மல்லிகை விரிவதற்குள் விலையாக வேண்டும். அந்த அவசரத்தில் பூ மூட்டையைச் சுமந்தது பெரும்பாலும் டி.வி.எஸ் 50-யும் எக்ஸ்.எல்லும்தான். அதே ரோட்டில், மூட்டை இல்லாத கையோடு இளவட்டம் ஓட்ட ஆசைப்பட்டது ஆர்.எக்ஸை.

மலைக்கு வருவோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை ஏறினால் கடைசியில் நிற்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமதளத்தில் கொடுத்த அளவு பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் பிளக் கறுக்கும், இழுவை விழும். நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், மேலே போய்ச் சேரும்போது பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, சுற்றும் குறைந்து, பின்னால் ஓர் ஆளும் உட்கார்ந்திருக்கும்போது, கீழ்ச் சுற்றிலேயே இழுக்கிற எஞ்சின்தான் கை கொடுக்கும். ஷோகனை அங்கே ஒரு கியர் குறைத்து, கத்த வைத்தே ஏற்ற வேண்டும். டம்டம் பாறையில் நிறுத்தி வேடிக்கை பார்க்கும்போது எந்த வண்டியின் எஞ்சின் அதிகம் கொதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேர் ரோட்டில் அப்பாவுக்கு ஒரு புள்ளி. மார்க்கெட்டிலும் மலையிலும் மாமாவுக்கு இரண்டு.

உண்மையான போட்டி நடந்தது பட்டறையில்

இரண்டுமே ரோட்டில் ஓடி முப்பது வருடம் ஆகிறது. ஆர்.எக்ஸ் 100 உற்பத்தி 1996 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. ஷோகன் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. 1996 டிசம்பரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோடு ஷோகன் வந்தது. இந்திய மோட்டார் சைக்கிளில் அதுதான் முதல் தடவை. இந்த விஷயத்தில் ஆர்.எக்ஸைவிட அது ஒரு படி முன்னே போன வண்டி.

பிறகு ஏன் இன்று நிலக்கோட்டை ரோட்டில் நின்று பார்த்தால் ஆர்.எக்ஸ் கண்ணில் படுகிறது, ஷோகன் படுவதில்லை?

பதில் கம்பெனியில் இல்லை, பட்டறையில் இருக்கிறது.

ஆர்.எக்ஸ் 100 போனாலும் அதன் ரத்தம் தொடர்ந்தது. ஆர்.எக்ஸ் 135 என்ற பெயரில் 2000-களின் நடுப்பகுதி வரை அந்தக் குடும்பம் ஓடியது. ஆகவே சாமான் செய்கிறவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், கேபிள், டேங்க், சீட், மட்கார்டு வரைக்கும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. தரம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் கிடைக்கும்.

ஷோகனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2001-ல் டி.வி.எஸ்ஸும் சுஸுகியும் பிரிந்தன. அதே வருடம் டி.வி.எஸ் தன் சொந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியான விக்டரை விட்டது. சில வருடங்கள் கழித்து சுஸுகி தனியாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது, அதன் கையில் வேறு வண்டிகள் இருந்தன. தாய் தகப்பன் பிரிந்தால் பிள்ளை நடுத்தெருவில் நிற்பது மாதிரி, ஷோகன் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்ததில் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் என்ற இனமே கடைகளிலிருந்து மறைந்தது.

இன்னொரு காரணம், நம் மெக்கானிக் அண்ணன்கள். ஒரு சின்ன ஊர்ப் பட்டறையில் எந்த வண்டி அதிகம் வருகிறதோ, அந்த வண்டியில்தான் பையன்கள் தொழில் பழகுவார்கள். ஆர்.எக்ஸின் சிலிண்டரைக் கழற்றி, லேத்துக்குக் கொடுத்து போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு, சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். சைலன்சரில் கார்பன் அடைத்தால் நெருப்பில் சுட்டுத் தட்டி எடுப்பது, 2-டி ஆயில் பம்ப்பைச் சரிபார்ப்பது எல்லாம் கைப்பழக்கம். அப்படிப் பழகிய பையன்களே பின்னால் குருவாகி, அடுத்த தலைமுறைக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். ஷோகனைக் கொண்டுபோனால் அதே அண்ணன், ‘பார்ப்போம், சாமான் கிடைக்கட்டும்’ என்பார். அந்த ‘பார்ப்போம்’தான் எத்தனையோ ஷோகன்களைக் கொட்டகைக்கு அனுப்பியது.

ஒரு வண்டி எத்தனை வருடம் வாழும் என்பதைக் குதிரைச் சக்தி முடிவு செய்வதில்லை. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறாரா, அவர் கைக்குச் சாமான் எட்டுகிறதா என்பதுதான் முடிவு செய்கிறது. மிக்சி, தண்ணீர் மோட்டார், டிராக்டர் எதற்கும் இதே நியாயம்தான்.

விலைக்கு வாங்கும் முன்...

பழைய ஆர்.எக்ஸுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. சாமான் கிடைக்கிறது, ஆசையும் இருக்கிறது, புதிதாக இனி வராது. மூன்றும் சேர்ந்தால் விலை ஏறத்தானே செய்யும்? அதனாலேயே ஏமாற்றும் அதிகம். வாங்க நினைக்கிற எல்லோருக்கும் இந்த ஐந்து.

ஒன்று: ஆர்.சி புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் பொறித்த நம்பரோடு நீங்களே கண்ணால் ஒத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டி செய்வது சுலபம். நம்பர் இருக்கிற இடம் அரைத்துப் புதுசாக அடித்தது போலத் தெரிந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் பணமும் போகும், ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டும்.

இரண்டு: ‘இது ஜப்பான் எஞ்சின்’ என்ற பேச்சுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். முதல் தொகுதி ஆர்.எக்ஸ்கள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை என்பது உண்மை. ஆனால் அந்த வகை வண்டிகள் மிகச் சில. இன்று விலைக்கு வருகிற எல்லாமே அது என்றுதான் விற்கிறவர் சொல்வார்.

மூன்று: பதிவுக்கு 15 வருடம் ஆயுள். அதன்பிறகு வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸில் காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு உங்கள் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

நான்கு: ஆர்.சி-யில் பெயர் இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் அவர் கையால் வேண்டும். ‘ஓனர் வெளியூர்ல இருக்காரு, அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சே ஆகாது. வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்றும் தேவை.

ஐந்து: ‘விண்டேஜ் வண்டி, அதனால் தனிச் சலுகை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் கடந்தால்தான் விண்டேஜ். ஆர்.எக்ஸும் ஷோகனும் சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டிகள்.

அம்மாக்கள் முகம் ஏன் மாறியது?

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நிறுத்துவதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பாவம்.

ஆர்.எக்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் 130 மி.மீ டிரம் பிரேக்தான். டயரும் மெல்லிசு. 2019-லிருந்து வருகிற புது வண்டிகளில் சின்ன வண்டிக்கு சி.பி.எஸ், பெரிய வண்டிக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடுகள் இவை. நம் பழைய வண்டிகளில் அப்படி எதுவும் கிடையாது. ஈர ரோட்டில் பயந்து முன் பிரேக்கை இறுக்கினால், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் ‘ஆர்.எக்ஸ் வாங்கித் தா’ என்று பையன் கேட்டதும் அம்மா முகம் மாறியதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. தெருவுக்கு ஒரு கதை இருந்தது. ஹெல்மெட் வழக்கத்தில் இல்லாத நாட்களில், பதினொரு குதிரையை இருபது வயதுக் கையில் கொடுத்த கதைகள் அவை.

அதனால் ஆர்.எக்ஸோ ஷோகனோ, எதை வைத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நாற்கர ரோட்டில் லாரி, பஸ்ஸோடு போட்டி போட்டு வேலைக்குப் போகிற வண்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் லைனர், கேபிள், டயர் மூன்றையும் மாற்றிய பிறகுதான் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் செலவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி தீர்ப்பு

ஓட்டிப் பார்த்து, வைத்துப் பராமரிக்க நல்ல வண்டி எது என்றால், ஆர்.எக்ஸ் 100. மாமா ஜெயித்தார். வேகத்தில் நல்ல வண்டி எது என்றால், ஷோகன். அப்பாவும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் இருபது வருடமாக வேறு வேறு கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டது வேறு கேள்வி. ‘அம்மாவின் வளையலை வைத்து ஆர்.எக்ஸ் வாங்கலாமா?’ அதற்கு என் பதில், வேண்டாம்.

அடகு வைத்த நகைக்கு மாதா மாதம் வட்டி ஓடும். அந்த வண்டி உங்களுக்குச் சம்பாதித்துத் தராது. அதற்குப் பதிலாக இந்த வாரக் கடைசியில் இதைச் செய்யுங்கள். கொட்டகையில் சாக்கை எடுத்துவிட்டு, முதலில் ஷோகனின் ஆர்.சி எங்கே என்று அப்பாவிடம் கேளுங்கள். பதிவு காலாவதி ஆகியிருக்கும், தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அது எவ்வளவு என்று ஆர்.டி.ஓ ஆபீஸில் விசாரியுங்கள். அடுத்து, பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் 2-டி ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். காலால் உதைக்க வேண்டாம்.

பிஸ்டன் அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டேங்க்கில் துரு எடுப்பது, கார்புரேட்டர் சுத்தம் செய்வது, ஆயில் சீல் மாற்றுவது, பிரேக், டயர் என்று போகலாம். உங்கள் 70,000-ல் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்குங்கள். அசையவே இல்லை, கிராங்க் போயிருக்கிறது, சாமானும் கிடைக்கவில்லை என்றால் அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். அப்படியே இருக்கட்டும். பழைய இரும்புக்கு மட்டும் போடாதீர்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில ஆயிரம். இன்னொரு ஷோகனை ஓட வைக்க முயற்சிக்கிறவருக்கு அதன் ஒவ்வொரு பாகமும் தங்கம்.

விலைக்கு வாங்குகிற எந்தப் பழைய வண்டியிலும் இல்லாத ஒன்று உங்கள் ஷோகனில் இருக்கிறது. அது எங்கே விழுந்தது, எப்போது போர் போட்டது, எந்த போல்ட் மரை போனது என்று முழு ஜாதகமும் தெரிந்த ஓர் ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். 1,20,000 ரூபாய் வண்டியோடு அந்த ஆள் வர மாட்டார்.

மாமாவின் ஆர்.எக்ஸ் ஆசையையும் விட்டுவிட வேண்டாம். காகிதம் சுத்தமாக, நியாயமான விலையில் ஒன்று என்றைக்காவது வரும். அன்றைக்கு உங்கள் சொந்தப் பணம் முழுசாகக் கையில் இருந்தால், மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய் வாங்குங்கள். அதுவரை ஷோகனின் முதல் கிக்குக்கு அவரையே கூப்பிடுங்கள். அப்பா ஸ்பேனர் பிடிக்க, மாமா குறை சொல்ல, வேலை சீக்கிரம் முடியும்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ இப்படி ஒன்று சாக்குப் போர்த்திக் கிடக்கிறதா? என்ன வண்டி, கடைசியாக எப்போது ஓடியது என்று எழுதுங்கள். அடுத்த வாரம், அப்படிக் கிடக்கும் டி.வி.எஸ் 50-ஐ எப்படி எழுப்புவது என்று பார்க்கலாம்.